விஜேந்திரன் ஒட்டிய நீளப் படம்

முடியாது என்ற சொல்லை விஜேந்திரனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் அவனுடைய ஸ்டூடியோவும் பேனர் அச்சடிக்கிற என் கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். இத்தனை வருடமாகத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் வியாபாரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "செஞ்சிறலாம்", "பாத்துக்கலாம்", "அதுக்கென்னங்க". யார் எதைக் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். கறுத்த மாப்பிள்ளை வெளுக்க வேண்டுமா, செஞ்சிறலாம். பேச்சுவார்த்தை அறுந்துபோன மைத்துனனைக் கல்யாணப் படத்திலிருந்து தூக்க வேண்டுமா, அதுக்கென்னங்க. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

என் பெயர் பாறூக். விஜேந்திரனுக்கு நானா, அதாவது அண்ணன். வாய்க்காரன் என்று ஊரில் பெயர். இருக்கட்டும். கண்டவனுக்கெல்லாம் முதுகு வளைவதைவிட வாய் நீளுவது மேல். விஜேந்திரனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் பக்கத்துக் கடைக்காரன் என்ற அளவில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு என் பாட்டில் இருந்திருப்பேன். பெருநாளைக்கு என் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவன். என் வாப்பா மௌத்தானபோது கடையை மூடிவிட்டு மூன்று நாள் கூடவே நின்றவன். அவன்மேல் எனக்கு உரிமை இருக்கிறது. அதனால்தான் கோபமும் வருகிறது.

அவன் கையில் ஒரு வித்தை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரே படத்தில் அடங்காத காட்சியை அவன் பக்கவாட்டில் நடந்துகொண்டே துண்டு துண்டாக எடுப்பான். முதல் துண்டில் பாதிக்கு மேல் இரண்டாவது துண்டிலும் இருக்க வேண்டும். இரண்டாவதில் பாதிக்கு மேல் மூன்றாவதில். இப்படி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கடைசி வரைக்கும் போக வேண்டும். பிறகு கணினியில் போட்டால் அது தூணைத் தூணோடும் கல்லைக் கல்லோடும் பொருத்திப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே நீளப் படமாக ஒட்டிவிடும். இதை இப்போது ஃபோனே செய்கிறதே என்று கேட்பார்கள். செய்யும். ஃபோன் செய்த படத்தில் ஆளுக்கு ஒரு காது குறையும். விஜேந்திரன் உட்கார்ந்து கையால் திருத்துவான். ஒரே இடம் இரண்டு மூன்று துண்டுகளில் விழுந்திருக்கும் அல்லவா? அதில் எந்தத் துண்டை வைப்பது, எதை வெட்டுவது என்று கோடு போடுகிறவன் அவன்தான்.

இந்த வித்தையை அவன் சீகிரியாவில் பழகினான். அங்கே ஒரு ஹோட்டலில் அறை கூட்டுகிற வேலைக்குப் போனவன். படம் எடுப்பான் என்று தெரிந்ததும், குளக்கட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் குன்று தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று மேலாளர் கேட்டாராம். குளக்கட்டில் இவன் நடக்க, ஒரு தெரு நாயும் இவனோடு நடந்திருக்கிறது. ஒட்டிப் பார்த்தால் நாய்க்கு ஆறு கால். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அதே படத்தில் வீதி ஓரத்தில் தம்பிலி இளநீர் விற்கிற பொம்பளையின் தகரக் கடை அசிங்கமாகத் தெரிகிறது என்று மேலாளர் சொன்னதும் அதையும் தூக்கியிருக்கிறான். தினம் தினம் இவனுக்கு ஓசியில் தம்பிலி வெட்டிக் கொடுத்த பொம்பளை அவள்.

"தூக்கிட்டுப் போய் அவட முகத்தில எப்படி முழிச்ச?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க நானா, செஞ்சேன். கடை அங்கதானே இருக்கு, படத்துலதானே இல்ல" என்றான். இவனிடம் என்னத்தைப் பேச?

ஊருக்குத் திரும்பி ஸ்டூடியோ போட்ட பிறகு அந்த வித்தைக்கு அவனுக்குக் கிடைத்த இடம் தேயிலைத் தோட்டத்துச் சாவு வீடுகள். தோட்டத்து ஆட்களுக்குச் சாவு வீட்டில் படம் எடுத்தே ஆக வேண்டும். பெட்டியை நடுவில் வைத்துப் பிள்ளைகள் ஒரு படம், சம்பந்திமார் ஒரு படம், அண்ணன் தம்பி வகை ஒரு படம். எந்தப் படமானாலும் கொள்ளி வைக்கிற மகன் அதில் நிற்க வேண்டும் என்று ஒரு முறை. எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் இல்லை. மையத்து விழுந்தால் முடிந்தவரை அன்றைக்கே அடக்கிவிடுவோம். அதனால் முதலில் எனக்கு இது பிடிக்கவேயில்லை. பிறகு ஒரு நாள், குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண், தான் வந்து பார்க்க முடியாமல் போன தாயின் சாவுப் படத்தை வாங்க வந்தாள். வாங்கியவள் எங்கள் கடை வாசலிலேயே அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பழக்கத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

லயம் என்கிற வரிசை வீடுகளுக்கு முன்னால் இடம் இருக்காது. இஸ்தோப்பு என்று அவர்கள் சொல்கிற ஒடுங்கிய முன்கூடம், அதற்கு வெளியே ஒரு முழ வாசல், பிறகு தண்ணீர் ஓடுகிற கான், கானுக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவு. பின்னால் போய் நின்று எல்லோரையும் ஒரே படத்தில் அடக்க வழியே கிடையாது. ஓர் அடி கூடப் பின்னால் வைத்தால் படம்பிடிக்கிறவன் சரிவில் உருண்டுவிடுவான். விஜேந்திரன் கான் ஓரமாகப் பக்கவாட்டில் நடந்தே துண்டு துண்டாக எடுத்துவிடுவான். முழு லயமும் நிற்கிற மாதிரி ஒரு நீளப் படம் வரும். தோட்டத்து ஆட்கள் அதில் மயங்கிப்போனார்கள். உக்குவளையிலிருந்து எல்கடுவ வரைக்கும் எங்கே சாவு விழுந்தாலும் "அந்த நீளப் படக்காரரக் கூப்புடுங்க" என்பார்கள். என்னிடம் த்ரீவீல் இருப்பதால் பாதி நாள் அவனை ஏற்றிக்கொண்டு போவது நான்தான்.

எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் சண்முகராஜா என்று ஒருவர் இறந்துபோனார். தேயிலை ஃபெக்டரியில் அடுப்பு எரித்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இரண்டு. மகன் நிரஞ்சன் கத்தாரில் ஏதோ ஒரு கம்பனியில் மேற்பார்வையாளர். மகள் சிவநந்தினி கல்யாணம் முடித்துக் கொழும்பில் இருக்கிறாள். மகன் விமானம் ஏறி வரும் வரைக்கும் பிணத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போனது மூன்றாவது நாள். தப்பு அடிப்பவர்கள் கூடக் களைத்துப்போய் ஓர் ஓரமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்க நேரமாகும் என்றதால் நான் அங்கேயே ஒரு கதிரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டார் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இஸ்தோப்பில் வைத்திருந்த பெட்டியின் தலைமாட்டில் ஒரு பொம்பளை கையில் நீலத் துவாயோடு நின்றாள். மாரியாயி. வயது அறுபது இருக்கும். சண்முகராஜாவின் மனைவி செத்த பிறகு அவரோடு வந்து சேர்ந்தவள். தாலியும் இல்லை, பதிவும் இல்லை, ஒரு சட்டி ஒரு அடுப்பு அவ்வளவுதான். வந்தபோது நிரஞ்சனும் சிவநந்தினியும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் எழுந்து அவர்களுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவள். பிறகு சண்முகராஜாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நான்கு வருடம் படுக்கை. மலம், மூத்திரம், புண், சீழ், எல்லாம் அவள் கையால்தான். மகன் ஒரு தடவை லீவில் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே நாற்றம் தாங்கவில்லை என்று கண்டியில் ஹோட்டலில் போய்த் தங்கினானாம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டுத் தூ என்று துப்பினாள். எனக்கும் துப்ப வேண்டும் போலத்தான் இருந்தது, சாவு வீடு என்று விழுங்கிக்கொண்டேன்.

படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மாரியாயி மெல்ல விஜேந்திரனிடம் வந்தாள்.

"தம்பி, ஒன்னு கேக்கட்டா? நானும் அவரும் சேந்தாப்புல ஒரு படங்கூட இல்ல. இத்தன வருசத்துல ஒன்னு எடுக்கணும்னு தோணவே இல்ல. இதுல நான் வருவேனா?"

"வருவீங்கம்மா. தலமாட்டுலயே நில்லுங்க. நகராதீங்க, அது போதும்."

"நகர மாட்டேன்" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைமுடியைக் கையாலேயே ஒதுக்கிக்கொண்டு, துவாயோடு போய்த் தலைமாட்டில் நின்றுகொண்டாள். அந்தத் துவாய் எதற்கு என்று கேட்கிறீர்களா? வெயில் ஏறி, மாலைகள் அழுகி, பெட்டியைச் சுற்றி ஒரே ஈ. இரவு பகலாக அவள்தான் அங்கே நின்று ஓட்டிக்கொண்டிருந்தாள். பெற்ற மகள் ஸென்ட் அடித்த கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு வாசல்படிக்கு வெளியே நின்றாள். மகனோ விஜேந்திரனின் காதருகே வந்து, "சீக்கிரம் எடுங்கண்ணே, நாறுது" என்றான். சொந்த அப்பன் நாறுகிறாராம்!

விஜேந்திரன் கானுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினான். "எல்லாரும் நிக்கிற எடத்துலயே நில்லுங்க. நான்தான் நடப்பேன். நீங்க நடக்கப்படாது." கால்மாட்டிலிருந்து ஆரம்பித்தான். முதல் துண்டில் நிரஞ்சன் கால்மாட்டில் நின்றான். சரி. இவன் ஓர் அடி நகர்ந்து இரண்டாவதை எடுக்கத் தயாரானதும் நிரஞ்சன் கூட்டத்துக்குப் பின்னால் குனிந்து ஓடி, அடுத்த ஆட்களுக்கு நடுவில் போய் நிமிர்ந்து நின்றான். ஒவ்வொரு தடவை எடுப்பதும் ஒவ்வொரு வகைப் படம் என்று நினைத்துவிட்டான்! கொள்ளி வைக்கிற மகன் எல்லாப் படத்திலும் நிற்க வேண்டும் அல்லவா? ஆட்களும் விட்டார்களா? "மூத்தவரு வர்றாரு, வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஒதுங்கி ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். மூன்றாவதிலும் ஓடினான். நான்காவதிலும் ஓடினான். செருப்புச் சத்தம் பட்பட்டென்று கேட்டது. விஜேந்திரன் "ஒரே எடத்துல நின்னாப் போதும் தம்பி" என்று சொன்னது கானுக்குள் விழுந்த மாதிரிப் போனது. உரத்துச் சொல்லத் தெரிந்தால்தானே?

மாரியாயி மட்டும் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றாள். மூன்றாவதிலும் நான்காவதிலும் தலைமாட்டில் அவள்தான். ஐந்தாவது கடைசித் துண்டு. அதற்கு விஜேந்திரன் கெமராவைத் தூக்கும்போது சிவநந்தினி கைலேஞ்சியை மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "கொஞ்சம் தள்ளுங்க, மக நிக்கணும்ல" என்று மாரியாயியைத் தோளில் பிடித்து ஒதுக்கினாள். மாரியாயி தடுமாறிச் சுவர் ஓரமாகப் போனாள். அதற்குள் கெமரா கிளிக்கென்றது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் மாரியாயி முகம் சுருங்கி நின்றாள். விஜேந்திரன் கிட்டப் போய், "கவலப்படாதீங்கம்மா, முந்தின ரெண்டுலயும் நீங்க நல்லா வந்துட்டீங்க. அதத்தான் வைப்பேன்" என்றான். வாயால் சொன்னான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த முகம் தெளிந்ததையும் பார்த்தேன்.

மறுநாள் அவன் கணினியில் ஐந்தையும் போட்டு ஒட்டினான். தட்டியைத் தாண்டி அவன் சிரிக்கிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஓர் அப்பனுக்கு நான்கு மூத்த மகன்! கால்மாட்டில் ஒரு நிரஞ்சன், இடுப்புக்கு நேரே ஒரு நிரஞ்சன், நெஞ்சுக்கு நேரே ஒன்று, தோளருகே ஒன்று. நான்கும் ஓடி வந்த மூச்சு அடங்காமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தலைமாட்டில் மாரியாயி. நேராக நிமிர்ந்து, துவாயைப் பிடித்த கையைச் சண்முகராஜாவின் நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் முகம் துடைத்துவிட்ட மாதிரிச் சுத்தமாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது அந்தப் படம்.

மத்தியானம் நிரஞ்சன் வந்தான். பதினாறாம் நாள் கருமாதிக்கு அந்த நீளப் படத்தைப் பெரிய பேனராக அடித்துக் கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. தன்னை நான்கு தடவை பார்த்ததும் முகம் சிவந்தது.

"என்னாண்ணே, வேடிக்க காட்டுறீங்களா? ஒன்னு போதும். நெஞ்சுக்கு நேரா நிக்கிறேன் பாருங்க, அத வைங்க. சட்டக் கொலரு அதுலதான் சரியா இருக்கு."

"செஞ்சிறலாம்" என்றான் இவன்.

பிறகு நிரஞ்சன் திரையில் விரலை வைத்தான். மாரியாயியின் முகத்துக்கு மேலேயே வைத்தான். "இது இங்க என்னா செய்யுது?"

இது! ரொட்டி சுட்டுப் போட்டவளை 'இது' என்கிறான்.

"மாரியாயிம்மா தலமாட்டுல நின்னாங்க..."

"நின்னா? பேனரப் பாத்து நாலு பேரு கேப்பாங்க. கத்தார்ல என்கூட வேல செய்யிறவங்களுக்கும் அனுப்பணும். இது யாருன்னு கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒன்ன வளத்தவன்னு சொல்லேன்" என்று தட்டிக்கு மேலாகச் சொல்லிவிட்டேன்.

"நானா, இது எங்க குடும்ப விசயம்" என்றான் திரும்பிக்கூடப் பார்க்காமல். விஜேந்திரன் என்னைப் பார்த்து வாயை மூடச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினான். இவன் பேச வேண்டியதை நான் பேசினால், இவன் நிரஞ்சனுக்காக என்னைக் கெஞ்சுகிறான். சீ என்று ஆகிவிட்டது.

அப்புறம் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். தலைமாடு கடைசி மூன்று துண்டுகளிலும் இருந்தது அல்லவா? மூன்றாவதிலும் நான்காவதிலும் மாரியாயி நிற்கிறாள். ஐந்தாவதில் அவளை ஒதுக்கிவிட்டு மகள் நிற்கிறாள். விஜேந்திரன் கோட்டை நகர்த்தினான். ஐந்தாவது துண்டு மேலே ஏறியது. மாரியாயி இருந்த இடத்தில் சிவநந்தினி வந்து நின்றாள். அவ்வளவுதான் வேலை. ஒரு வடு இல்லை, ஒரு கீறல் இல்லை. அத்தனை சுத்தம். அந்தச் சுத்தத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அதோடு நின்றானா நிரஞ்சன்? "மத்ததெல்லாம் அழிச்சிருங்கண்ணே. அந்தப் பொம்பள வந்து கேட்டா நீங்க எடுத்துக் குடுத்துருவீங்க. அப்பறம் அதக் காட்டி ஊரு பூரா சொந்தங் கொண்டாடும்" என்றான். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கெமராவில் இருந்ததையும் கணினியில் இருந்ததையும் ஒவ்வொன்றாக அழிக்கச் சொல்லிப் பார்த்தான். விஜேந்திரன் ஒன்று விடாமல் அழித்தான். எத்தனையோ வருடத்தில் அந்த மனுஷியும் அந்த மனுஷனும் சேர்ந்து நின்ற ஒரே படம். ஒரு பொத்தானில் போய்விட்டது.

நிரஞ்சன் போன பிறகு நான் விஜேந்திரனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன். "நீ மனுஷனாடா? நேத்துத்தானே அந்த உம்மாட முகத்தப் பாத்துச் சொன்ன, ஒங்களத்தான் வைப்பேன்னு? மாட்டேன்னு ஒரு சொல்லுச் சொன்னா ஒன்ட நாக்கு அறுந்தா விழுந்திடும்?"

"அவரு பக்கத்துலயே உக்காந்திருந்தாரே நானா. நான் என்னா செய்ய?" என்றான். குனிந்த தலை நிமிரவில்லை.

பேசி என்ன பயன் என்று பேனருக்கான வேலையைப் பார்க்கத் திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. சண்முகராஜாவின் கீழுதட்டில் கறுப்பாக ஒன்று. இன்னும் பெரிதாக்கினேன். ஈ. இறக்கை கூடத் தெரிகிறது. ஐந்தாவது துண்டு எடுத்த நேரம் மாரியாயி சுவர் ஓரம் தள்ளப்பட்டுக் கிடந்தாள், துவாயும் அவளோடு போய்விட்டது. தலைமாட்டில் நின்ற மகள் கெமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஈக்கு யார் தடை? வந்து உட்கார்ந்துகொண்டது. நிரஞ்சன் அத்தனை நேரம் திரையில் மூக்கை உரசிக்கொண்டு உட்கார்ந்தவன், கொலரைப் பார்த்தான், அப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, வாயில ஈ ஒன்டு. அழிச்சிடு" என்றேன். அவனுக்கு அது கண்ணிமைக்கிற நேர வேலை.

"தெரியும் நானா. இருக்கட்டும்."

"என்னது?"

"அழிக்க மாட்டேன்."

நான் வாயைப் பிளந்துவிட்டேன். இவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

"அந்தம்மாவத் தள்ளிவிட்டாங்கல்ல? ஈ ஓட்ட ஆளில்லாமப் போச்சுல்ல? அது ஊருக்கே தெரியட்டும். பேனர்ல புளியங்கொட்ட அளவுக்கு வரும். வர்றவங்க போறவங்க பாத்து, பெத்த புள்ளைங்க நிக்கிறாங்க, அப்பன் வாயில ஈ மொய்க்குதுன்னு காறித் துப்பட்டும்" என்றான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"மையத்துட முகம்டா அது. அதுக்கிட்ட போயா ஒன்ட வீரத்தக் காட்டுற?" என்று எவ்வளவோ சொன்னேன். அசையவில்லை. நிரஞ்சனிடம் சொல்ல வேண்டிய மாட்டேன் அது. அவனிடம் செஞ்சிறலாம் என்று சொல்லிவிட்டு, என்னிடம் வந்து மாட்டேன் என்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டியை ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டு மெஷினைப் போட்டேன். பேனர் இழுபட்டு இழுபட்டு வெளியே வந்தது. உதடு வந்தபோது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கருமாதி நாள் காலையிலேயே நாங்கள் இருவரும் போய் லயத்துக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டுப் பேனரைக் கட்டினோம். விஜேந்திரன் ஓர் ஓரமாக நின்று வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது பார்ப்பார்கள், இதோ துப்பப்போகிறார்கள் என்று காத்திருந்தான். யார் பார்த்தார்கள்? வந்தவன் எல்லாம் தன் முகத்தைத் தேடினான். "நான் இந்தா இருக்கேன்", "என் தல பாதிதான் வந்திருக்கு", "ஏய், ஒன் சீல எவ்வளவு பளிச்சுன்னு விழுந்திருக்கு" என்று ஒரே கொண்டாட்டம். நிரஞ்சன் பேனருக்கு முன்னால் நின்று ஃபோனில் தன்னைத் தானே படமெடுத்துக் கத்தாருக்கு அனுப்பினான். சிவநந்தினி தன் பிள்ளையைத் தூக்கி, "அம்மா எங்க, அம்மா எங்க?" என்று கேட்டு, தன் முகத்தைத் தொடவைத்தாள். பிள்ளையின் கைக்குப் பக்கத்தில்தான் சண்முகராஜாவின் வாய். தாயும் பார்க்கவில்லை. இத்தனை கண்ணில் ஒரு கண் கூட அந்த முகத்துக்குப் போகவில்லை. பொறுக்க முடியாமல் நான் எழுந்து த்ரீவீலில் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்தும் எல்லாம் தெரிந்தது.

மாரியாயியைப் பின்பக்கம் அடுப்படியில் விட்டிருந்தார்கள். சமைக்க மட்டும் அவள் சொந்தக்காரி. ஆட்கள் சாப்பிட உட்கார்ந்து வாசல் காலியான பிறகு அவள் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள். விஜேந்திரனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். இவன் வெளிறிப்போய் நின்றான். அவள் பேனரின் கால்மாட்டுப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்து தலைமாட்டுக்கு வந்தாள். அங்கே சிவநந்தினி நின்றாள். மாரியாயி கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தாள். ஓரங்களையும் பார்த்தாள், ஒருவேளை தள்ளி விழுந்திருப்போமோ என்று. சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

நான் த்ரீவீலை விட்டு இறங்கி வந்தேன். விஜேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைக் கவனிக்கவில்லை. கண் சண்முகராஜாவின் முகத்துக்குப் போயிருந்தது. சட்டென்று முந்தானையை உருவி எடுத்து அவர் வாய்ப்பக்கம் வீசினாள். பேனர் ஆடியது. திரும்ப வீசினாள். போகவில்லை. கிட்டப் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, விரலால் தொட்டுப் பார்த்தாள். நகத்தால் ஒரு தடவை சுரண்டினாள். அது படத்துக்குள்ளே இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். முந்தானையைப் பழையபடி செருகிக்கொண்டு விஜேந்திரன் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"என்னையத் தூக்கிட்டீங்க, அது போகட்டும் தம்பி. அவரு வாயில ஈ உக்காந்திருக்கே, ஒங்க கண்ணுக்குப் படலையா?"

விஜேந்திரன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"படலம்மா" என்றான்.